வெப்பநிலையோடு காற்றின் திசையையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழில் நாள்தோறும் வெளியாகும் வானிலைக் கட்டத்தைப் பழவேற்காட்டிலிருந்து பல ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் ஆகிய இரு நிலையங்களின் வெப்பநிலையும் மழையளவும் அதில் தவறாமல் இடம்பெறுகின்றன. ஆனால், அங்கிருந்து சாலை வழியே 50 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, வங்கக் கடலையும் உவர்நீர் ஏரியையும் ஒட்டி வாழும் எங்களுக்கு, அன்றைய பொழுது எப்படிக் கழியும் என்பதைக் காற்றின் திசைதான் சொல்கிறது.

கத்திரி வெயில் நாட்களில் முற்பகல் முழுவதும் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று வறட்டு அனலாக வீசும். நண்பகலை ஒட்டிக் கடல்காற்று கரையேறியதும், அதுவரை அசைவின்றிக் கிடந்த ஏரிப்பரப்பில் கிழக்கிலிருந்து சிற்றலைகள் வரிவரியாக ஓடி வருவதைப் படகுத்துறையில் நின்றே பார்க்கலாம். புழுக்கம் கூடினாலும் அனல் தணிந்துவிடும். மேல்காற்று வலுத்துக் கடல்காற்றைப் பிற்பகல் வரை தடுத்துவிடும் நாட்களே எங்களை வாட்டுகின்றன.

இந்த ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். கோடையில் ஆரணியாற்றில் நீர்வரத்து நின்று, கடலோர நீரோட்டம் கொண்டுவரும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிட்டால், ஏரிநீர் வற்றி வற்றிக் கடல்நீரைவிட அதிகமாகக் கரிக்கத் தொடங்கும். வைகாசியில் கரையேற்றி வைத்த படகின் பலகையை விரலால் தேய்த்தால் உப்பு வெண்பொடியாக ஒட்டும். இறால் வரத்தும் குறைந்துவிடும்.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் எல்லாம் தலைகீழாகும். வெள்ளம் முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு பாயும். ஏரிநீரின் உப்பு குறையும். சில வாரங்களில் பூநாரைகளும் வந்து சேரும். ஆனால் அதே நாட்களில் கடலிலிருந்து காற்று பலமாக வீசினால், ஆற்றுநீர் வடிய வழியின்றி ஏரிக்கரைக் குடியிருப்புகளில் ஏறிவிடுகிறது. எங்கள் ஊரில் பெய்த மழையை மட்டும் வைத்து இதைக் கணிக்க முடியாது. ஆந்திரத்தில் ஆரணியாற்றின் குறுக்கே உள்ள பிச்சாட்டூர் அணையில் எவ்வளவு நீர் திறக்கிறார்கள், காற்று எந்தப் பக்கம், கடல் ஏற்றமா வற்றமா என்ற மூன்றும் சேர்ந்தால்தான் எங்களுக்கு வானிலை. 2023-ஆம் ஆண்டு மிக்ஜாம் புயல் டிசம்பர் 5 அன்று பாபட்லா அருகேதான் கரை கடந்தது. ஆயினும் அதற்கு முந்தைய இரு நாட்களும் அது எங்கள் கடலோரத்தை ஒட்டி நகர்ந்தபோது பட்ட பாட்டை இங்கு யாரும் மறக்கவில்லை. புயல் எங்கே கரை கடக்கும் என்பதையே பெரிய எழுத்தில் படித்துவிட்டு, நமக்கு இல்லை என்று எண்ணியவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள்.

எண்ணூர்த் துறைமுகத்தில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைத் தாங்கள் தவறாமல் வெளியிடுவதற்கு நன்றி. அது கடலுக்குச் செல்வோருக்குப் பேருதவி. ஏரியில் வலை வீசும் முதியவர்களுக்கும், இடுப்பளவு நீரில் அமர்ந்து சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கும் அந்த எண் அதிகம் சொல்வதில்லை. இளைஞர்கள் கைப்பேசியில் பார்த்துக்கொள்கிறார்கள். மற்றவர்கள் இன்றும் நாளிதழைப் படித்துச் சொல்பவரையே நம்பியிருக்கிறார்கள்.

வானிலை ஆய்வு மையமும், ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையமும் காற்று, அலை ஆகியவை பற்றிய கணிப்புகளை நாள்தோறும் வெளியிடுகின்றன. அவற்றிலிருந்து காற்றின் திசையையும் வேகத்தையும், அத்துடன் கடல் ஏறும், வற்றும் நேரங்களையும் வெப்பநிலைக்குக் கீழே இரண்டு வரிகளில் சேர்க்க வேண்டுகிறேன். ஐப்பசி முதல் மார்கழி வரையேனும், பிச்சாட்டூர் அணையின் நீர் திறப்பையும் அங்கேயே குறிப்பிட்டால் ஆரணியாற்றின் கரையோர ஊர்கள் அனைத்துக்கும் பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பழவேற்காடு.