பேக்கப் இருக்கிறது, பழைய நிலை ஏன் வரவில்லை?

அன்புள்ள முரளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பையன் பிளஸ் டூ முடித்துவிட்டான் என்பதில் ரொம்ப மகிழ்ச்சி. கல்லூரி பற்றித் தனியாக எழுதுகிறேன். உன் கடை டேட்டாபேஸ் ஓடும் மாங்கோடிபி மென்பொருள் விஷயம்தான் இப்போது அவசரம்: பேக்கப்பை ஏற்றியும் பழைய நிலை ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தாய்.

பேக்கப்பை ஏற்றும் மாங்கோரெஸ்டோர் கட்டளை, டேட்டாபேஸைப் பேக்கப் எடுத்த நாளுக்குத் திருப்பிக் கொண்டுபோகாது. ஃபைலில் உள்ள ஆவணங்களை, அதாவது பதிவுகளை, புதிதாக இன்செர்ட் செய்யும், அவ்வளவுதான். அதே ஐடியில் ஆவணம் ஏற்கெனவே இருந்தால் 'டூப்ளிகேட் கீ' என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும், இருப்பதைத் தொடாது. ரெஸ்டோர் ஓடி முடிந்தும் விலைகள் தப்பாகவே இருப்பதாக எழுதியிருந்தாயே, அதற்கு இதுதான் காரணம்.

பழைய விலை வேண்டுமென்றால் கட்டளையோடு --டிராப் என்பதையும் கொடுக்க வேண்டும். அப்போது ஆவணங்களின் தொகுப்பான ஒவ்வொரு கலெக்‌ஷனையும் அழித்துவிட்டு ஏற்றும். ஆனால் பேக்கப்பில் உள்ள கலெக்‌ஷன்களை மட்டும்தான் அழிக்கும். அதற்குப் பிறகு உருவானவை அப்படியே நிற்கும். இன்னொரு ஆபத்து: பேக்கப்பில் அட்மின் டேட்டாபேஸும் சேர்ந்திருந்தால், --டிராப் அங்குள்ள யூசர்களை எல்லாம் நீக்கிவிட்டுப் பேக்கப்பில் உள்ளவர்களை வைத்துவிடும். புது சர்வரில் நீ போட்ட பாஸ்வேர்ட் செல்லாமல் போவது இப்படித்தான். --என்எஸ்இன்க்ளூட் 'கடை.*' என்று உன் டேட்டாபேஸை மட்டும் குறிப்பிட்டு ஏற்று.

ஆவணங்கள் மாறவில்லை, கொஞ்சம் அழிந்துவிட்டன, அவ்வளவுதான் சிக்கல் என்றால் --டிராப் போடவே கூடாது. சும்மா ஓட்டினாலே அழிந்தவை மட்டும் திரும்பி வரும், மற்றவை இன்றைய நிலையிலேயே இருக்கும். ஆயிரக்கணக்கில் டூப்ளிகேட் கீ வரும், பயப்படாதே. இடையில் நீங்களே வேண்டுமென்று நீக்கிய ஆவணங்களும் உயிர்பெற்றுவிடும் என்பதை மட்டும் ஞாபகம் வை.

எது உன் கேஸ் என்று சந்தேகமாக இருந்தால், நேரடி டேட்டாபேஸைத் தொடாமல் பக்கத்தில் ஏற்றிப் பார். --என்எஸ்ஃபிரம் 'கடை.*' --என்எஸ்டூ 'கடை_சோதனை.*' என்று கொடுத்தால் வேறு பெயரில் போய் உட்காரும். டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். நான் எப்போதும் சொல்வது இந்த வழியைத்தான்.

'0 ஆவணங்கள் ஏற்றப்பட்டன' என்று எரர் இல்லாமலே முடிந்ததாக எழுதியிருந்தாய். உன் ஃபோல்டரில் உள்ளவை எல்லாம் .பிசான்.ஜிஇஜட் என்று முடிகின்றனவா பார். அப்படியானால் பேக்கப் எடுத்தபோது ஃபைல்களைச் சுருக்கும் --ஜிஜிப் போட்டிருக்கிறார்கள். ஏற்றும்போதும் அதைச் சொல்லாவிட்டால் அந்த ஃபைல்களைத் தாண்டிப் போய்விடும். ஃபோல்டரை ஒரு படி உள்ளே போய்க் காட்டினாலும், என்எஸ்இன்க்ளூடில் பெயர் ஓர் எழுத்து பிசகினாலும் இதே பூஜ்யம்தான். --ட்ரைரன் --வெர்போஸ் சேர்த்து ஒருமுறை ஓட்டினால் எதையும் எழுதாமல் எதை எதை எடுக்கப் போகிறது என்று காட்டும்.

அடுத்தது இண்டெக்ஸ், அதாவது ஆவணங்களை வேகமாகத் தேட உதவும் அட்டவணை. பேக்கப்பில் இண்டெக்ஸ் இருக்காது; எந்த இண்டெக்ஸ் வேண்டும் என்ற குறிப்பு மட்டும் மெட்டாடேட்டா ஃபைலில் இருக்கும். ஆவணங்கள் எல்லாம் ஏறிய பிறகுதான் அவை புதிதாகக் கட்டப்படும். திரையில் 100 சதவீதம் காட்டிவிட்டு அசையாமல் நிற்கும் நேரம் அது. தொங்கிவிட்டது என்று நினைத்து கன்ட்ரோல்-சி அடித்தால் ஆவணங்கள் இருக்கும், ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுக்கும் யூனிக் இண்டெக்ஸ் இருக்காது. ஒரே பில் எண் இருமுறை பதிவாகும் வரை அது யாருக்கும் தெரியாது. இணைப்பு அறுந்தாலும் வேலையை ஓடவிடும் டீமக்ஸுக்குள் ஓட்டிவிட்டு வேறு வேலையைப் பார்.

காலாவதியான ஆவணங்களைத் தானாக நீக்கும் டிடிஎல் இண்டெக்ஸ் இருக்கும் கலெக்‌ஷன் என்றால் இன்னொரு வேடிக்கை. மூன்று மாதப் பழைய செஷன் ஆவணங்களை ஏற்றுகிறாய் என்று வை. இண்டெக்ஸ் கட்டி முடிந்ததும், 60 விநாடிக்கு ஒருமுறை வரும் டிடிஎல் வேலையாள் காலாவதியானவை என்று எல்லாவற்றையும் துடைத்துவிடும். எண்ணிப் பார்த்தால் பூஜ்யம். ஏற்றும் முன், சர்வர் அமைப்பை மாற்றும் செட்பாராமீட்டர் கட்டளையில் டிடிஎல்மானிட்டர்எனேபிள்டு என்பதை ஃபால்ஸ் ஆக்கிவிடு. சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் அது பழையபடி ஓடத் தொடங்கும், கவனம்.

தவறு நடந்த நிமிடத்துக்கு முந்தைய நிலை வேண்டும் என்று கேட்டிருந்தாய். அதற்கு வெறும் பேக்கப் போதாது, ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகப் பதியும் ஆப்லாக் வேண்டும். ஒரே டேட்டாவின் நகல்களை வைத்திருக்கும் சர்வர்களான ரெப்ளிகா செட்டில் முழு டம்ப், அதாவது பேக்கப், எடுக்கும்போது --ஆப்லாக் கொடுத்திருந்தால், டம்ப் ஓடிய நேரத்து மாற்றங்கள் ஆப்லாக்.பிசான் ஃபைலில் இருக்கும். டம்ப் முடிந்த பிறகு நடந்தவை அதில் இருக்காது. அவை லோக்கல் டேட்டாபேஸில் ஆப்லாக்.ஆர்எஸ் கலெக்‌ஷனில்தான் இருக்கும். அதன் அளவுக்கு ஒரு வரம்பு உண்டு. நிறைந்ததும் பழையதை அழித்துக்கொண்டே போகும். ஆகவே விபத்து தெரிந்தவுடன் முதல் வேலை, அந்தக் கலெக்‌ஷனை டம்ப் எடுத்து வைப்பது. மற்ற எதுவும் பிறகு.

அந்த டம்ப்பை, பிசான் ஃபைலைப் படிக்கும்படி காட்டும் பிசான்டம்ப்பில் திறந்து, தவறான டிராப் அல்லது டிலீட் எந்த வரியில் இருக்கிறது என்று தேடு. பக்கத்தில் டைம்ஸ்டாம்ப் 1718000000, வரிசை எண் 1 என்பதுபோல் இருக்கும். மாங்கோரெஸ்டோரில், அந்த மாற்றங்களை மறுபடி ஓட்ட --ஆப்லாக்ரீப்ளே --ஆப்லாக்லிமிட் 1718000000:1 என்று கொடுத்தால் அந்த வரிக்கு முன்னால் நின்றுவிடும். அந்த வரியும் சேராது. கடிகாரம் பார்த்து நீயாகக் கணக்குப் போடாதே. அந்த எண் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் 2024 ஜூன் 10, காலை 6:13:20. நம்மூரில் அப்போது 11:43:20. இந்த ஐந்தரை மணியில் பிசகினால், காலை வேலை முழுக்கக் காணாமல் போகும், இல்லையென்றால் அந்த டிராப்பே மறுபடி ஓடும்.

சில்லறை விஷயங்கள்: மாங்கோடிபி 4.4 பதிப்பிலிருந்து இந்த டூல்ஸ் சர்வரோடு வருவதில்லை, 100 என்று தொடங்கும் எண்ணோடு தனியாக இறக்க வேண்டும். எடுத்ததும் ஏற்றுவதும் ஒரே பதிப்பாக இருக்கட்டும். சர்வரைத் தனிப் பெட்டிபோல் ஓட்டும் டாக்கருக்குள் பைப் வழியாக ஆர்க்கைவ் (ஒரே ஃபைலாக உள்ள பேக்கப்) அனுப்பினால் -ஐ மட்டும் போடு, -டி வேண்டாம். டெர்மினல் குறுக்கே வந்து பைட்டுகளைக் கெடுத்துவிடும். பாஸ்வேர்டைக் கட்டளை வரியில் எழுதாதே, --கான்ஃபிக் ஃபைலில் வை.

ஓடி முடிந்ததும் எத்தனை ஏறியது, எத்தனை தோற்றது என்ற கடைசி வரியையும், கலெக்‌ஷனின் கெட்இண்டெக்ஸஸ் பட்டியலையும் எனக்கு அனுப்பு. பேக்கப்பின் மெட்டாடேட்டாவோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
சேகர்