செயலாளர் அறிக்கை 2024–25: லைனில் பேசக் கற்ற ஓராண்டு

மதிப்பிற்குரிய தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை, திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளான நம் சங்கம் செய்த பணிகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. தீபாவளி ஆர்டர் நெருக்கடியில் மட்டும் ஒரு கூட்டம் தள்ளிப்போனது. புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெருமாநல்லூர் சாலைப் பக்கம் பிறர் ஆர்டரைக் கூலிக்குத் தைக்கும் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் சிறு பனியன் கம்பெனிக்காரர்கள். அவர்களை வரவேற்கிறேன். தெருவிளக்கு, சாக்கடை, மின்கட்டணம் பற்றி நாம் கொடுத்த மனுக்களின் நகல்கள் அலுவலகத்தில் இருக்கின்றன, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டின் பெரிய வேலை பயிற்சிதான். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல அனுமதி வேண்டும்.

போன பொதுக்குழுவில் பேசிய எல்லோரும் சொன்ன குறை ஒன்றுதான்: ஆள் நிற்பதில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்புவதில்லை, திரும்பினாலும் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுகிறார். காரணம் தெரிந்துகொள்ள, முதலாளிகள் யாரும் உடன் இல்லாமல், டெய்லர்களிடமும் கைமடிக்கும் பெண்களிடமும் பேசிப் பார்த்தோம். கூலியைப் பற்றிச் சொன்னார்கள், அது எதிர்பார்த்ததுதான். அதற்கு அடுத்தபடியாக எல்லோரும் சொன்னது சூப்பர்வைசரின் பேச்சு. “எல்லார் முன்னாடியும் கத்துறாருங்க” என்பதை வேறு வேறு வார்த்தைகளில் கேட்டோம்.

சூப்பர்வைசரைக் குறை சொல்லிப் பயனில்லை. நன்றாகத் தைக்கும் ஒருவரை ஒருநாள் காலையில் கூப்பிட்டு, “இன்னையிலிருந்து இந்த லைனை நீ பார்த்துக்கப்பா” என்கிறோம். அவருக்கு ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று எல்லாத் தையல் மெஷினும் தெரியும். லைனில் வரிசையாக உட்கார்ந்து தைக்கும் முப்பது பேரிடம் எப்படி வேலை வாங்குவது என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மாலையில் டார்கெட் குறைந்தால் மட்டும் அவரைப் பிடித்துக் கேட்கிறோம். மேலிருந்து வாங்கியதைத்தான் அவர் கீழே கொடுக்கிறார். ஆகவே பயிற்சியை சூப்பர்வைசர்களிடமிருந்து தொடங்குவது என்று செயற்குழு முடிவு செய்தது.

நடைமுறைக்கு ஒரு பழைய முன்மாதிரியை எடுத்துக்கொண்டோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் ஆலைக்குப் புது ஆட்கள் குவிந்தபோது, அவர்களை மேய்க்கும் மேஸ்திரிகளுக்கு இரண்டிரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வில் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். போருக்குப் பிறகு அது ஜப்பானுக்குப் போய் அங்கே நன்றாக வேரூன்றியது. அதில் ஆட்களோடு பழகுவது பற்றிய பகுதி நான்கே விஷயங்களைப் பிடித்துக்கொள்கிறது: வேலை எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் சொல், நன்றாகச் செய்தால் அப்போதே பாராட்டு, மாற்றம் வருவதானால் முன்கூட்டியே தெரிவி, ஒருவரின் திறமையை முழுதாகப் பயன்படுத்து. சாயங்காலம் ஐந்தரைக்குப் போய், “இன்னைக்கு ஒன்றரை ஷிப்ட், யாரும் போகக்கூடாது” என்று சொல்லும் நம் வழக்கத்தை இந்த மூன்றாவது விஷயத்தோடு வைத்துப் பாருங்கள். பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டிய தாய் என்ன செய்வார்? மதியச் சாப்பாட்டுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்ற பழக்கத்தை இப்போது சில கம்பெனிகள் கொண்டுவந்திருக்கின்றன. இதற்கு ஒரு பைசா செலவில்லை.

அமர்வுகளில் மனதில் நின்ற ஒன்றைச் சொல்கிறேன். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, பதிவேட்டில் ஒட்டிவிட்டுத்தான் புது ஊசி கொடுக்க வேண்டும் என்பது ஏற்றுமதி வேலையில் கட்டாயம். ஒரு துண்டு குழந்தைகள் துணிக்குள் போய்விட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஆனால் பயத்தில், கையில் வைத்திருக்கும் சொந்த ஊசியை மாட்டிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் தைப்பவர்கள் உண்டு. பயிற்சியில் இடத்தை மாற்றினோம். சூப்பர்வைசர் மெஷினில் உட்கார்ந்தார். டெய்லர் அக்கா ஒருவர் சூப்பர்வைசராக நின்றார்.

“அக்கா, ஊசி உடஞ்சிருச்சுங்க. ஒரு துண்டு கிடைக்கல” என்றார் மெஷினில் இருந்தவர்.

அந்த அக்கா யோசிக்கவே இல்லை. தினமும் கேட்பதை அதே குரலில் திருப்பிச் சொன்னார்: “கண்ணு எங்க வெச்சிருந்தே? இன்னைக்கு டார்கெட்டை யாரு உங்கப்பனா வந்து எடுப்பான்?”

மெஷினில் இருந்தவர் முகம் சிவந்துவிட்டது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அவரே, “நான் அப்படியா பேசுறேன்?” என்று கேட்டார். மறுபடி அதே காட்சியைச் செய்தபோது, “சரி, மெஷினை நிறுத்துங்க. பீஸைத் தனியா வைங்க, ரெண்டு பேரும் தேடலாம்” என்பதில் வந்து நின்றது. ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து மெஷின் வாங்குகிற நாம், இந்த ஒரு வாக்கியத்துக்காகவும் கொஞ்சம் செலவு செய்யலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்திருப்பவர்களுக்குத் தனிச் சிக்கல். “புரிஞ்சுதா?” என்றால் தலையாட்டுவார்கள்; நூறு பீஸ் டேமேஜ் ஆன பிறகுதான் புரியவில்லை என்று நமக்குப் புரியும். அதனால் கேள்வி கேட்பதை விட்டு, ஒரு பீஸைத் தைத்துக் காட்டி, பிறகு அவர்களை ஒரு பீஸ் தைத்துக் காட்டச் சொல்லும் முறையைப் பழக்கினோம். செக்கிங்கில் திருத்தத்துக்குத் திரும்பும் ஆல்டர் பீஸ் குறைந்திருப்பதாக உறுப்பினர்கள் சொல்கிறார்கள். நம் சூப்பர்வைசர்கள் நாலு வார்த்தை இந்தி பேசத் தொடங்கியிருப்பதும் நல்ல காரியம்.

இரண்டாம் கட்டமாகத் தையல் பெண்களுக்கான அமர்வுகள். தயங்காமல் சந்தேகம் கேட்பது, நேரத்தைப் பிரித்துக்கொள்வது, கையில் வரும் பணத்தைத் திட்டமிடுவது, கோபம் வந்தால் எப்படிச் சொல்வது என்பவைதான் பாடம். “இதெல்லாம் எதற்கு, தைத்தால் போதாதா?” என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். அவர்களுக்கு பெங்களூருவில் நடந்த ஆய்வைச் சொல்ல விரும்புகிறேன். அங்குள்ள ஷாஹி எக்ஸ்போர்ட்ஸ் ஆலைகளில், 2007இல் தொடங்கிய பேஸ் என்ற இதே மாதிரிப் பயிற்சித் திட்டத்தில் சேர விரும்பிய பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, அச்யுதா அத்வர்யு, நம்ரதா காலா, ஆனந்த் நிஷாதம் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தித்திறன் மற்றவர்களைவிட 13 சதவீதத்துக்கும் மேல் கூடியிருந்தது. பயிற்சி முடிந்து எட்டு மாதத்தில் நிறுவனத்துக்குக் கிடைத்த நிகர லாபம், போட்ட பணத்தைப்போல் இரண்டரை மடங்கு. பயிற்சி கொடுத்தால் வேறு கம்பெனிக்கு ஓடிவிடுவார்கள் என்ற நம் பயத்துக்கும் அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை.

அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பெண்களின் கூலி ஏறியது அரை சதவீதம் அளவுக்குத்தான். இதை மறைத்துவிட்டு முதல் பாதியை மட்டும் வாசிப்பது நேர்மையாக இருக்காது. கூடுதலாக வரும் லாபத்தில் தைக்கிறவருக்குப் பங்கு வேண்டும். பயிற்சியைக் கூலிக்குப் பதிலாகக் கொடுக்கும் சலுகையாக நாம் நடத்தக் கூடாது.

இதையொட்டி ஒரு வருத்தம். சில இடங்களில் அமர்வை ஞாயிற்றுக்கிழமை சம்பளமில்லாமல் வைத்தார்கள். வாரத்துக்கு ஒருநாள் துணி துவைத்து, சமைத்து, பிள்ளையோடு இருக்கும் நாளைப் பிடுங்கிக்கொண்டு அன்பாகப் பேசுவது பற்றிப் பாடம் நடத்த முடியாது. ஷிப்ட் நேரத்தில், சம்பளத்தோடு நடத்திய கம்பெனிகளில்தான் பெண்கள் வாய் திறந்து பேசினார்கள்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் 2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும்; விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துவதும் முதலாளியின் கடமை. குழு இல்லாவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. பத்துப் பேருக்குக் குறைவான இடத்தில் வேலை செய்பவர்கள் மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் தரலாம். மரியாதையாகப் பேசப் பழக்கும் பயிற்சி இந்தக் குழுவுக்கு மாற்று ஆகாது. இன்னும் குழு அமைக்காத உறுப்பினர்கள் அலுவலகத்துக்கு வந்தால் மாதிரிப் படிவங்கள் தருகிறோம்.

வரும் ஆண்டுக்கு மூன்று தீர்மானங்களைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். பயிற்சி நேரம் முழுவதும் சம்பள நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். புதிதாக சூப்பர்வைசர் ஆகும் எவரும் லைனை ஏற்கும் முன் ஐந்து அமர்வையும் முடித்திருக்க வேண்டும். கட்டிங், அயர்னிங், பேக்கிங் பகுதிகளுக்கும் பயிற்சியை நீட்டிக்க வேண்டும். முதலாளிகளுக்கும் ஓர் அமர்வு வேண்டும் என்று சூப்பர்வைசர்கள் கேட்டிருக்கிறார்கள். அதைத் தலைவர் ஏற்று, ஆடி மாதத்தில் தேதி குறிக்கச் சொல்லியிருக்கிறார். உறுப்பினர்கள் அவசியம் வர வேண்டுகிறேன்.

இடம் கொடுத்த உறுப்பினர்களுக்கும், பயிற்சியாளர்களுக்கும், வெட்கப்படாமல் எழுந்து நின்று பேசிய சகோதரிகளுக்கும் சங்கத்தின் நன்றி.

இவண்,
செயலாளர்