மருந்தடித்துப் போகிற நோய் இல்லை இது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் வேளாண் பக்கத்தில் கிழங்குப் பயிர்கள் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: “இலையில் தேமல் தெரிந்தவுடன் தகுந்த வைரஸ் கொல்லியைத் தெளித்தால் பயிர் தேறிவிடும்.” இதைப் படித்துவிட்டு எத்தனை பேர் ஸ்பிரேயரைத் தோளில் மாட்டிக்கொண்டு வயலில் இறங்கியிருப்பார்களோ என்று நினைத்தால் மனசு ஆறவில்லை. உங்கள் பத்திரிகையில் வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவர்கள் அவர்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நம்பினோம்.

இலைமேல் அடிக்கிற எந்த மருந்தும் செடிக்குள் இருக்கிற வைரஸை அழிக்காது. அது செடியின் செல்லுக்குள்ளேயே உட்கார்ந்து, அந்தச் செல்லை வைத்தே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. விதை போட்டு வளர்க்கிற பயிரில் பெரும்பாலான வைரஸ்கள் விதை வழியாக அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை. கிழங்கு, கரணை, கொடித்துண்டு என்று நடும்போது தாய்ச்செடியின் உடம்பில் ஒரு துண்டையே அல்லவா நடுகிறோம்? அதில் இருக்கிற வைரஸ் அப்படியே கூட வருகிறது, அடுத்த போகத்தில் இன்னொன்று வந்து சேர்கிறது. சர்க்கரைவள்ளியில் அசுவினிப் பூச்சி பரப்புகிற வைரஸ் ஒன்று தனியாக இருந்தால் இலையில் சரியாகத் தெரியக்கூடத் தெரியாது. வெள்ளை ஈ பரப்புகிற இன்னொன்றும் அதோடு சேர்ந்துவிட்டால் கொடி சூம்பி, இலை சிறுத்து, தோண்டினால் விரல் பருமனுக்கு வேர்தான் இருக்கும்.

இதெல்லாம் நீங்கள் அறியாதது இல்லை. உங்கள் பத்திரிகையிலேயே முன்பொரு முறை இதைச் சரியாக எழுதியிருந்தீர்கள், அந்தப் பக்கத்தை வெட்டி வைத்திருக்கிறேன். அதனால்தான் வருத்தம் அதிகம்.

என் அப்பா உருளைக்கிழங்குக்குச் சொந்த விதைதான் வைப்பார். பெருங்கிழங்கை விற்றுவிட்டுச் சிறு கிழங்கை விதைக்கு ஒதுக்குவார். எல்லாரும் செய்கிறதுதான். ஆனால் கிழங்கு ஏன் சிறுத்தது? நோய்ப்பட்ட செடி பெரும்பாலும் சிறு கிழங்குதான் வைக்கும். ஆக, எந்தச் செடியில் வைரஸ் அதிகமோ அதையே வருடா வருடம் தேடிப் பொறுக்கி விதைக்கு வைத்திருக்கிறோம். ஏழாவது எட்டாவது வருடத்தில் அடி இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு, தொட்டால் தோல் மாதிரி விறைத்து, நொறுங்குகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அப்பா மண்ணைக் குறை சொன்னார், தண்ணீரைக் குறை சொன்னார், கடைசியில் தன் கையில் ராசி இல்லை என்றார். அந்த வருடங்களில்தான் உங்கள் பத்திரிகையில் ஒரு நிபுணர், சிறு கிழங்கை விதைக்கு எடுத்தால் செலவு மிச்சம் என்று எழுதினார். நோயில்லாத வயலில் விளைந்த சிறு கிழங்கு என்றால் சரி, தாராளமாக நடலாம். அந்த ஒரு வார்த்தையை அவர் சேர்க்கவில்லை. நான் அப்போதே கடிதம் போட்டேன். அது பத்திரிகையில் வரவில்லை.

அப்புறம் இன்னொருவர், “ரகம் கிழடு தட்டிவிட்டது, மாற்றுங்கள்” என்று எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் உருளைக்கிழங்கு நலிந்தபோதும் ரகத்துக்கு வயதாகிவிட்டது என்றுதான் சொன்னார்கள். இங்கிலாந்தில் கிங் எட்வர்ட் என்றொரு ரகம். வெளியே எந்தக் குறையும் தெரியாது, ஆனால் அதன் ஒவ்வொரு செடியிலும் ஒரு வைரஸ் இருந்தது. அது இல்லாத செடியை யாரும் பார்த்ததே இல்லை. 1957இல் கசானிஸ் என்ற விஞ்ஞானி குருத்து நுனியை வளர்த்து அதைச் சுத்தமாக்கிக் காட்டினார். ரகம் கிழடாகவில்லை ஐயா, சுமை ஏறிப்போய் இருந்தது.

சுமையை இறக்குவது எப்படி என்று தெரியாமலும் இல்லை. 1952இல் பிரான்சில் மொரெலும் மார்ட்டினும் நோய்ப்பட்ட டேலியா பூச்செடியின் குருத்து நுனியிலிருந்து நோயில்லாத செடியை எடுத்தார்கள், 1955இல் உருளையிலும் செய்தார்கள். அந்தக் கதையைத் தேடிப் போய்த்தான் நான் திசு வளர்ப்பு லேபில் வேலைக்குச் சேர்ந்தேன், பதினொரு வருடம் இருந்தேன். மைக்ராஸ்கோப்பின் கீழ் மொட்டை வைத்து இலையை ஒன்று ஒன்றாக ஊசியால் விலக்கிக்கொண்டே போனால் கடைசியில் பளபளவென்று ஒரு சின்ன மேடு தெரியும், பனித்துளி மாதிரி. அதையும் பக்கத்தில் ஒன்றிரண்டு இலை அரும்பையும் சேர்த்து அரை மில்லிமீட்டருக்குள் வெட்ட வேண்டும். உணவும் நீரும் போகிற குழாய்கள் அந்த நுனிவரை இன்னும் எட்டியிருக்காது, அதனால் வைரஸும் அங்கே குறைவு. சிறிதாக வெட்டினால் சுத்தம், ஆனால் துண்டு பிழைக்காது. பெரிதாக வெட்டினால் பிழைக்கும், வைரஸும் கூட வந்துவிடும். மூச்சு விட்டால்கூடக் கை அசையும். சில வைரஸ்களுக்கு இதற்கு முன் செடியைச் சில வாரம் 37 டிகிரி சூட்டில் வைப்போம், சிலதற்கு அந்தத் துண்டு வளர்கிற சத்துக் கூழில் ரிபாவிரின் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கலப்போம். அளவு கூடினால் நாற்றே கருகிவிடும். கண்ணாடிக் குழாய்க்குள் நாள்கணக்கில் காவல் இருந்தே இந்தப் பாடு என்றால், வயலில் ஒரு தெளிப்பில் எப்படித் தேறும்?

வளர்ந்து வந்த ஒவ்வொரு நாற்றையும் சோதிக்க வேண்டும். ஒரு முறை இல்லை என்று வந்தாலும் சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் வைரஸ் மிகக் குறைவாக இருந்தால் முதல் சோதனையில் தெரியாது. ஒரே ஒரு சுத்தமான நாற்று கிடைத்த நாளில் லேபில் எல்லாரும் வந்து எட்டிப் பார்ப்போம். இதைத்தான் உங்கள் இணைப்பிதழில் “மரபணு மாற்றிய நாற்று” என்று போட்டீர்கள். மரபணுவில் யாரும் கை வைப்பதில்லை. அதே ரகம், அதே செடி, நோய் மட்டும் இல்லை. அந்தத் தலைப்பைக் காட்டி என் சொந்த அண்ணனே அந்த நாற்றை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சுத்தமான நாற்று வாங்கினால் ஆயுசுக்கும் கவலையில்லை என்று எழுதியதும் தவறு. வைரஸ் இல்லாத செடி என்றால் வைரஸ் வராத செடி என்று அர்த்தம் இல்லை. வலைக்கூடத்துக்குள் பெருக்கும்வரை காப்பாற்றலாம், வயலுக்கு வந்தால் பூச்சி வரும். பூச்சிமருந்து அடித்தாலும், சில வைரஸ்களை அசுவினி ஒரு நிமிடத்துக்குள் குத்திவிட்டுப் போய்விடும், மருந்தில் அது சாவதற்குள் வேலை முடிந்திருக்கும். நோய்ப்பட்ட செடியைக் கண்டதும் கிழங்கோடு பிடுங்கி அப்புறப்படுத்துவது, சில போகத்துக்கு ஒரு முறை விதையை மாற்றுவது, இவ்வளவுதான் நம் கையில் இருக்கிறது. சீனாவின் ஷாண்டோங் மாநிலத்தில் 1990களில் சர்க்கரைவள்ளிக்கு வைரஸ் நீக்கிய கொடியைப் பரவலாகக் கொடுத்தார்கள், விளைச்சல் 30 சதவீதத்துக்கு மேல் கூடியது. இப்படி ஒரு செய்தி உங்கள் பக்கத்தில் வந்திருந்தால் அப்பா அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்திருப்பார்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அடுத்த வார வேளாண் பக்கத்திலேயே, அதே எழுத்து அளவில், அந்த வரி தவறு என்று ஒரு திருத்தம் போடுங்கள். உள்பக்க மூலையில் வேண்டாம், அங்கே யாரும் பார்ப்பதில்லை. கடிதம் நீளமாகிவிட்டது, வெட்டத்தான் செய்வீர்கள். என்னைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் சொன்னதையெல்லாம் எடுத்துவிடுங்கள், “இலைமேல் அடிக்கிற எந்த மருந்தும்” என்று தொடங்குகிற பத்தியை மட்டும் விட்டுவைத்தால் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்