எரர் கேட்டா கோர்ஸ் விக்கிறாங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

வேலை முடிஞ்சு வந்து ராத்திரியில பைத்தான்ங்கிற ப்ரோகிராமிங் மொழிய கத்துக்கிறவன் நான். வாட்ஸ்அப் குரூப்ல ஒரு எரர போட்டு கேட்டா பதில் வர்றதுக்கு முன்னாடி 'முப்பது நாள்ல டெவலப்பர்'னு கோர்ஸ் விளம்பரம் வந்து விழுது, கீழயே இன்னொரு நம்பர்ல இருந்து 'சூப்பர் கோர்ஸ் ப்ரோ'ன்னு ஒருத்தர், ரெண்டும் ஒரே ஆள்தான்னு சின்னப்புள்ளைக்கும் தெரியும்.

இது இன்னிக்கு நேத்து வந்த வியாதி இல்ல. 1994 ஏப்ரல்ல அமெரிக்காவுல ரெண்டு வக்கீலுங்க கிரீன் கார்டு லாட்டரி விளம்பரத்த யூஸ்நெட்ங்கிற அந்தக் கால இணைய விவாத மேடையில ஆயிரக்கணக்கான குரூப்ல கொண்டுபோய் கொட்டினாங்க. ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டுக்கு உதவினா பரிசுன்னு நடக்கிற ஹாக்டோபர்ஃபெஸ்ட்ல, 2020ல இலவச டி-ஷர்ட்டுக்காக, கோடு பகிர்ற தளமான கிட்ஹப்ல ஒரு வார்த்தைய மட்டும் மாத்தி 'இத சேத்துக்கோங்க'ன்னு புல் ரெக்வஸ்ட் அனுப்பி, அந்த ப்ராஜெக்ட்டுகள சம்பளமில்லாம பாத்துக்கிறவங்க உயிர வாங்கினாங்க, கடைசியில விருப்பப்பட்ட ப்ராஜெக்ட் மட்டும் சேரலாம்னு விதியையே மாத்த வேண்டியதாச்சு. டி-ஷர்ட்டுக்கு இவ்ளோவா!

விளம்பரமே கூடாதுன்னு சொல்லல சார். ப்ரோகிராமிங் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோல சொந்த ப்ராடக்ட்ட சொன்னா 'இது என்னோடது'ன்னு வெளிப்படையா சொல்லணும்னு விதி இருக்கு. நம்ம குரூப் அட்மின்களும் அத கேக்கட்டும், முதல்ல கேட்ட கேள்விக்கு பதில், அப்புறம் லிங்க்.

இப்படிக்கு,
ஒரு வாசகன், மதுரை