நாகா மலைக் கிராமங்களுக்குக் குழுச் சுற்றுலா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். நவம்பர் பிறந்தால் போதும், உங்கள் விளம்பரங்கள் கைப்பேசியில் வரிசை கட்டத் தொடங்கிவிடுகின்றன. ஒரு பக்கம் ஜூகோ பள்ளத்தாக்கின் லில்லி மலர்கள்; மறுபக்கம் முகமெல்லாம் பச்சை குத்திய, நாகா இனங்களில் ஒன்றான கொன்யாக் இன முதியவர்; கீழே டிசம்பரில் நாகாலாந்தில் நடக்கும் ஹார்ன்பில் திருவிழாவுக்கான தேதிகள். அந்த லில்லி ஜூன், ஜூலை மழையில் பூப்பது. டிசம்பரில் பள்ளத்தாக்கு முழுவதும் காய்ந்த பழுப்பு நிறத்தில் கிடக்கும், இரவில் உறைபனி விழும். அதுவும் அழகுதான். அதையே காட்டி ஆள் சேர்க்கலாமே?

நானும் இப்படியொரு குழுவில் போய்வந்தவன். யாருடைய குழு என்பது இங்கே முக்கியமில்லை. உங்களில் பலருடைய பயண நிரல் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கிறது. அந்த நிரலைப் பற்றித்தான் இந்த மடல். அதை நீங்கள் எழுதாதீர்கள், போகிற கிராமம் எழுதட்டும் என்று கேட்கிறேன்.

கொனோமாவை எடுத்துக்கொள்வோம். நாகாலாந்தின் தலைநகர் கோஹிமாவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும், அங்காமி என்ற நாகா இனத்தவரின் கிராமம். உங்கள் நிரலில் அதற்கு ஒரு முற்பகல். ஊர் வாசலில் ஒரு படம், கோட்டை மேட்டில் ஒரு படம், பசுமைக் கிராமம் என்ற பலகைக்கு முன் ஒரு படம், சாப்பாடு, அடுத்து வண்டியில் ஏறு. 1879 அக்டோபரில் பிரிட்டிஷ் அரசியல் அதிகாரி டேமன்ட் சுட்டுக் கொல்லப்பட்டது இந்த ஊர் வாசலில். அதன்பின் படை வந்து ஊரைப் பிடித்தது. மேலே உள்ள மலையில் கோட்டை கட்டிக்கொண்டு 1880 மார்ச் வரை தாக்குப்பிடித்தவர்கள் இவர்கள். வேட்டை இவர்களுக்குப் பொழுதுபோக்காக இருந்ததில்லை. ஆண்பிள்ளை என்பதற்கு அடையாளமாக இருந்தது. அப்படிப்பட்ட ஊர் 1998இல் தன் காட்டில் ஒரு பகுதியை ட்ராகோபன் பறவைக்காகச் சரணாலயமாக ஒதுக்கி, வேட்டையையும் தடை செய்தது. செய்தது வனத்துறை அல்ல, கிராம மன்றம். துப்பாக்கி வைத்திருந்த வீடுகளில் அந்தப் பேச்சு எப்படிப் போயிருக்கும், யார் முதலில் ஒத்துக்கொண்டார்கள், யார் கடைசி வரை முறைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதையெல்லாம் ஓர் இரவு அடுப்படியில் உட்கார்ந்தால் கேட்கலாம். ஒரு முற்பகலில் பலகையைத்தான் படிக்க முடியும்.

வயல் பக்கம் இறங்கி நடந்தால் ஆல்டர் மரங்கள் நிற்கின்றன. ஏறக்குறைய ஆள் உயரத்தில் வெட்டுப்பட்டு, வெட்டிய இடமெல்லாம் முண்டும் முடிச்சுமாகப் புடைத்து, அதன் தலையில் கற்றைகற்றையாகப் புதுக் கிளைகள். எங்கள் குழுவில் பாதிப் பேர் யாரோ காட்டைப் பாழாக்கிவிட்டார்கள் என்று வருத்தப்பட்டார்கள். உண்மை நேர்மாறானது. மரத்தைக் கொல்லாமல் கிளைகளை மட்டும் வெட்டி, விறகுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை எரித்து, நடுவே பயிர் செய்கிறார்கள். நிலத்தைத் தரிசாக விடும் ஆண்டுகளில் மரம் மறுபடி தழைக்கிறது. அதன் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதால், மற்ற இடங்களைப்போல நிலத்தை நெடுங்காலம் போட்டுவைக்க வேண்டியதில்லை. இதைச் சொல்ல எங்களோடு ஆள் இல்லை. நீங்கள் அனுப்பிய வழிகாட்டி குவாஹாத்தியிலிருந்து கூடவே வந்தவர். நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் அது புது ஊர். நானே பிறகு கொனோமாக்காரர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

உள்ளூர் வழிகாட்டியை அமர்த்துவது நீங்கள் செய்யும் உபகாரம் அல்ல. அரசியலமைப்பின் 371ஏ பிரிவு நாகா மக்களின் வழக்குமுறைச் சட்டத்தையும் நில உரிமையையும் காக்கிறது. அங்கே காடு பெரும்பாலும் அரசுடையது அல்ல. கிராமத்துடையது, குலத்துடையது, தனி மனிதருடையது. நாம் நடக்கிற ஒற்றையடிப் பாதைக்கும் சொந்தக்காரர் உண்டு. நுழைவுக் கட்டணம் கேட்டபோது எங்கள் குழுவில் எழுந்த முணுமுணுப்பு எனக்கே கூச்சமாக இருந்தது. வெளியாட்கள் மாநிலத்துக்குள் வர வாங்கும் ஐஎல்பி அனுமதிச் சீட்டு கையில் இருக்கிறதே என்று ஒருவர் வாதாடினார். 1873ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த அந்தச் சீட்டு மாநிலத்துக்குள் நுழையத்தான். ஒருவர் வீட்டுத் தோட்டத்துக்குள் நுழைய அல்ல. கிளம்பும் முன்பே இதைச் சொல்லியிருக்கலாம்.

ஜூகோவிலும் இதே கதைதான். 2020 டிசம்பர் கடைசியில் அங்கே தீப்பிடித்தபோது விமானப்படை ஹெலிகாப்டர்கள் தண்ணீர் ஊற்றின. அவை வருவதற்கு முன்பே, தென் அங்காமி இளைஞர் அமைப்பின் தொண்டர்கள் கால்நடையாக ஏறிப் போயிருந்தார்கள். குளிர்காலத்தில் பள்ளத்தாக்கை மூடியிருக்கும் குட்டை மூங்கில் காய்ந்து கிடக்கும், ஒரு பொறி போதும். அங்கே போய் ‘கேம்ப் ஃபயர் உண்டு’ என்று விளம்பரம் செய்ய எப்படி மனம் வந்தது? குளிருக்குக் கம்பளி கொடுங்கள். மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதைக் கணக்கில் வைத்து, ஏற்றம் தொடங்கும் விஸ்வெமா கிராமத்திலிருந்து காலையிலேயே ஏற்றிவிடுங்கள்.

மோன் மாவட்டத்தில் மியான்மர் எல்லையில் இருக்கும் கொன்யாக் கிராமமான லொங்வாவைப் பற்றி எழுதக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. அங்கே ஒரு முதியவரின் வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அடுப்போரம் உட்கார்ந்திருந்தவரை எழுப்பி, பன்றித் தந்தம் வைத்த தொப்பியை மாட்டி, கையில் தாவோ கத்தியைக் கொடுத்து, வாசல் வெளிச்சத்தில் நிறுத்தினார்கள். ஒவ்வொருவராகப் பக்கத்தில் நின்று படம் எடுத்தோம். எத்தனை தலை என்று ஒருவர் சைகையில் கேட்டார். கால்பந்துச் சட்டை போட்ட பேரன் நூறு ரூபாய்த் தாள்களை வாங்கி மடித்துக்கொண்டிருந்தான். எதிரியின் தலையைக் கொய்யும் அந்த வழக்கம் ஒழிந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. கொன்யாக் மக்கள் இன்று பெரும்பாலும் பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்கள், ஞாயிறு காலை நீங்கள் யாரையும் ஆடச்சொல்ல முடியாது. 2024 அக்டோபரில் இங்கிலாந்தில் ஒரு நாகா மண்டையோடு ஏலத்துக்கு வந்தபோது நாகாலாந்தே கொதித்தது, ஏலம் கைவிடப்பட்டது. அந்தக் கோபம் உங்கள் விளம்பரத்தைத் தயாரிப்பவரின் காதில் விழவில்லை போலும்.

இன்னொன்று. லொங்வாவில் ஆங்க் எனப்படும் ஊர்த் தலைவரின் வீட்டுக்குள் இந்தியாவில் ஒரு கால், மியான்மரில் ஒரு கால் வைத்துப் படம் எடுப்பது உங்கள் நிரலின் உச்சக்கட்டம். எல்லை தாண்டி வயலும் உறவும் வைத்திருக்கும் அந்த ஊருக்கு அது விளையாட்டு அல்ல. எல்லையோர மக்கள் விசா இல்லாமல் இருபுறமும் போய்வர வழிசெய்த சுதந்திர நடமாட்ட முறையை ரத்து செய்யப்போவதாக 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு அறிவித்தபோது அவர்கள் எதிர்த்து நின்றார்கள். 2021 டிசம்பர் 4 அன்று இதே மோன் மாவட்டத்தின் ஓட்டிங்கில் ராணுவம், சுரங்க வேலை முடிந்து வீடு திரும்பியவர்களைச் சுட்டது. அதையொட்டிய சம்பவங்களையும் சேர்த்து 14 பொதுமக்கள் இறந்தார்கள். அந்த ஆண்டு ஹார்ன்பில் திருவிழாவே பாதியில் நின்றது. நீங்கள் ஆள்களைக் கூட்டிப்போவது பெரும்பாலும் அதே வாரத்தில். வண்டியில் பாட்டுப் போடுவதற்கு முன் இதை ஐந்து நிமிடம் சொல்லுங்கள்.

இந்த ஆண்டு நிரலை அச்சடிக்கும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். மூன்று ஊர்களை ஒன்றாகக் குறைத்து, அந்த ஊரின் கிராம மன்றத்துக்குத் தொலைபேசியில் பேசி, எத்தனை பேர் வரலாம், எந்த நாளில் வரலாம், எந்த வீட்டில் தங்கலாம் என்று அவர்களிடமே கேளுங்கள். அடுத்தது, எங்களிடம் வாங்கும் தொகையில் கிராமத்துக்குப் போவது எவ்வளவு என்பதை விலைப்பட்டியலிலேயே போடுங்கள். அப்படி ஒரு நிரல் வந்தால் முன்பணம் கட்ட நான் தயார். கூட வர இன்னும் சிலரும் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் குழுவில் வந்துபோன ஒரு பயணி