அத்தானுக்கும் வாசித்துக் காட்டுங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். இவருக்கு இடது கை இன்னும் சரியாக எழும்பவில்லை. ஆனாலும் கைத்தடியோடு மூலைக்கடை வரைக்கும் போய் வருகிறார். ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

"இயலாமல் போனவர்களுக்கு அங்கே ஜேர்மனியில் அரசாங்கம் என்ன செய்யும்?" என்று கேட்டீர்கள். போனில் சொல்லி முடிக்கிற கதையில்லை, அதுதான் ஆறுதலாக எழுதுகிறேன்.

ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் என்று தெரிகிற குறைபாடு இருந்தால், அதன் கடுமையைப் பார்த்து 20 முதல் 100 வரை பத்துப் பத்தாக ஓர் எண் போடுவார்கள். 50 கிடைத்தால்தான் இயலாதவர்களுக்கான அட்டை தருவார்கள். எங்கள் மாநிலத்தில் 2008 முதல் நகராட்சிகளும் மாவட்ட நிர்வாகங்களும்தான் இந்த அலுவலைப் பார்க்கின்றன. விண்ணப்பத்தில், நோயாளியைப் பார்த்த வைத்தியர்கள் எல்லோருடைய பெயரையும் எழுத வேண்டும், அவர்களிடம் அறிக்கை கேட்டு எடுக்கக் கையெழுத்து வைத்துச் சம்மதம் கொடுக்க வேண்டும். கந்தோரில் எங்களோடு மரியாதையாகத்தான் கதைத்தார்கள்.

ஆனால் அக்கா, எண் போடுகிற வைத்தியர் பெரும்பாலும் ஆளைக் காண்பதேயில்லை. அவருக்கு முன்னால் இருப்பது கடதாசி மட்டும்தான். இவருக்கு முதலில் 30 என்று கடிதம் வந்தது. அவர்களுக்குப் போன அறிக்கையில் நோயின் பெயரும் மருந்துகளும் ஒழுங்காக இருந்தன. சட்டைப் பொத்தானைத் தனியாகப் பூட்ட ஏலாது, படியிறங்கும்போது யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும், களைத்துவிட்டால் சொல் வாயில் வராது, இதில் ஒன்றுகூட இல்லை. எனக்கு அழுகை வந்தது.

அந்த முடிவை எதிர்த்து ஒரு மாதத்துக்குள் கடிதம் கொடுக்கலாம். ஃபவ்டேகா என்று ஒரு சங்கம் இருக்கிறது, அங்கத்தவராகச் சேர்ந்தால் இந்த அலுவல்களில் கூட நிற்பார்கள். அவர்கள் சொன்னது ஒன்றுதான்: காலையில் எழும்பியதிலிருந்து படுக்கும் வரை என்னென்ன செய்ய முடியாது என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.

அன்றிரவு இவரோடு இருந்து எழுதினேன். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். "இதையெல்லாம் ஏன் எழுதுகிறாய்? நான் சமாளிக்கிறேன்தானே" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இத்தனை வருசம் சமையல்கூடத்தில் நின்று உழைத்த மனுசன், குளிப்பாட்டிவிட ஆள் வேண்டும் என்று எழுத எப்படி மனம் வரும்? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நான் விட்டதைத் தானே சொன்னார்: இடது பக்கமாக வருகிற சைக்கிள் கண்ணில் படுவதில்லையாம். அதுவரைக்கும் எனக்கே தெரியாது.

குடும்ப வைத்தியர் அதையெல்லாம் சேர்த்துப் புது அறிக்கை கொடுத்தார். பிறகு 60 கிடைத்தது, அட்டையில் ஜி என்ற எழுத்தும் விழுந்தது. ஊருக்குள் வழமையாக நடக்கிற தூரத்தை, ஏறக்குறைய அரை மணித்தியாலத்தில் 2 கிலோமீற்றரை, நடக்க முடியாதவர்களுக்குரியது அது. வருசத்துக்கு 104 யூரோ கட்டினால் உள்ளூர் பஸ், ரயில் எல்லாவற்றிலும் போகலாம். வரியில் சலுகை உண்டு. வேலையில் வருசத்துக்கு 5 நாள் மேலதிக லீவு. முதலாளி நினைத்தபாட்டுக்கு நிறுத்தவும் முடியாது, அதற்கென்று இருக்கிற அரச அலுவலகத்தின் சம்மதம் வேண்டும்.

அட்டைக்கென்று மாதக் காசு கிடையாது, ஊரில் யாரும் கேட்டால் அப்படியே சொல்லுங்கள். காசு பராமரிப்புக் காப்புறுதியிலிருந்து வருகிறது, அதற்கு வேறு விண்ணப்பம். எவ்வளவு பராமரிப்புத் தேவை என்று பார்த்துத் தரம் போடுவார்கள்; இவருக்கு இரண்டாம் தரம், மாதம் 347 யூரோ. சம்பளத்தில் மாதாமாதம் இவர் கட்டி வந்த காப்புறுதி அது. யாரும் இரங்கிப் போடுகிற காசில்லை.

இப்போது அத்தானுடைய கால் விசயத்துக்கு வருகிறேன். கோபிக்காதீர்கள். பிரதேச செயலகத்தில் மாதாந்தக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கச் சொன்னால், "என்னைவிடக் கஷ்டப்பட்டவன் எடுக்கட்டும்" என்கிறாராம். அத்தானின் மனசு எனக்குத் தெரியும். ஆனால் அவர் ஒதுங்கி நின்றால் அந்தக் காசு பக்கத்து வீட்டுக்காரருக்குப் போகும் என்று யார் சொன்னது? தெரு முழுக்க இப்படி ஒதுங்கினால், அங்கே கால் இழந்தவர் ஒருவருமே இல்லை என்றல்லவா பதிவாகும்?

கிராம சேவகரிடம் முதலில் போங்கள், பிறகு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். வைத்தியரிடம் கால் இல்லை என்று மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம். மாரி காலத்தில் வெட்டின இடம் வலித்து நித்திரை இல்லாதது, பொய்க்காலை நாள் முழுக்கப் போட்டிருந்தால் புண்ணாவது, கிணற்றில் தண்ணி அள்ள ஏலாதது, எல்லாம் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். கொடுக்கிற ஒவ்வொரு கடதாசியிலும் ஒரு போட்டோப் பிரதி எடுத்து வையுங்கள், கொடுத்த திகதியையும் எழுதி வையுங்கள்.

மூத்தவன் லீவில் வீட்டில்தானே நிற்கிறான், அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஓட்டோக் காசை நான் இந்தக் கிழமை அனுப்புகிறேன். கிராம சேவகர் என்ன சொன்னார் என்று உடனே எனக்கு அறிவியுங்கள், அத்தானோடு நானும் கதைக்கிறேன்.

அன்புத் தங்கை