கையெழுத்துப் போட்ட 42 பேர்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் இயற்பியலாளர் மாக்ஸ் போர்ன் பற்றிய கட்டுரை படித்தேன். யூதர் என்பதால் ஜெர்மனியில் வேலை பறிபோனவரை சர் சி.வி. ராமன் பெங்களூருக்கு வரவழைத்த கதை சுவையாக வந்திருக்கிறது. ஆனால் வேலை எப்படிப் போனது என்பதை ‘ஹிட்லர் விரட்டினார்’ என்ற ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஹிட்லர் என்ன, ஒவ்வொரு கல்லூரி வாசலிலும் வந்தா நின்றார்?

1933 ஏப்ரல் 7ஆம் தேதிச் சட்டம் யூதர்களை, பல்கலைக்கழக ஆசிரியர்கள் உட்பட, அரசுப் பணியிலிருந்து நீக்கியது. முதல் உலகப் போரில் களம் கண்டவர்கள் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. போர்ன் இருந்த அதே கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஃப்ராங்க் என்று ஒருவர். போர்முனைக்குப் போனவர், நோபல் பரிசும் வாங்கியவர். பேசாமல் இருந்திருந்தால் வேலை தப்பியிருக்கும். எனக்கு மட்டும் சலுகை வேண்டாம் என்று ராஜினாமா செய்தார். உடனே அங்கிருந்த ஆசிரியர்கள் 42 பேர் சேர்ந்து, இது நாசவேலைக்குச் சமம், யூதர்களைக் களையெடுப்பதை அரசு சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். யாரும் கேட்காமலே! எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

மாணவர்களுக்கும் அதே மாதம் இன்னொரு சட்டம் வந்தது: புதுச் சேர்க்கையில் யூதர்கள் 1.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் கண் படிவங்கள் மேல்தான் போகும். 1938இல் ஹாம்பர்க்கில் இங்கபோர்க் என்ற மாணவி தொண்டை அடைப்பான் நோய் பற்றி முனைவர் பட்ட ஆய்வேட்டை முடித்துவிட்டார். வளர்ந்தது கிறிஸ்தவராக, தாய் யூதர். தேர்வுப் படிவத்தில் மஞ்சள் கோடு போட்டு, வாய்மொழித் தேர்வுக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் அமெரிக்கா போய், அப்புறம் கிழக்கு பெர்லினில் பச்சிளங்குழந்தை மருத்துவப் பேராசிரியராகவே ஆகிவிட்டார். அந்த ஹாம்பர்க் பட்டம் மட்டும் பாக்கி. 2015இல் பேராசிரியர்கள் அவர் வீட்டுக்கே போய்த் தேர்வு நடத்தினார்கள். அப்போது அவருக்கு வயது 102. கண் சரியாகத் தெரியாததால், அந்த நோய் பற்றிப் பிற்பாடு வந்த ஆராய்ச்சிகளை நண்பர்கள் இணையத்தில் தேடிச் சொல்ல, கேட்டே தயாராகியிருக்கிறார். சும்மா தூக்கிக் கொடுத்த கௌரவப் பட்டம் இல்லை, தேறி வாங்கியது.

1938இல் யூத மருத்துவர்களின் உரிமத்தை ரத்து செய்து, சிலரை மட்டும் யூத நோயாளிகளைப் பார்க்க விட்டார்கள். வழக்கறிஞர்களுக்கும் கிட்டத்தட்ட இதே கதி. பெயர் வெளியே தெரியாத இவர்களைப் பற்றியும் ஒரு கட்டுரை போடுங்கள்.

– ஓய்வுபெற்ற கல்லூரி அலுவலர், கும்பகோணம்